தீயைத் தாங்கிய மாடம்

நகரில் எங்கேனும் தீ மூண்டால் முதலில் கண்டு அறிவிப்பதற்கென்றே காவலரை அமர்த்திய கோபுரங்கள் உலகில் பல. 1828இல் இஸ்தான்புல்லின் பெயாசித் மேட்டில் கல்லால் எழுப்பப்பெற்றது அவற்றுள் பெயர்பெற்றது. மரவீடுகள் நெருங்கிய அந்நகரில் காவலர் உச்சியில் நின்று தீயைத் தேடினர். தமிழகக் கடற்கரை அறிந்த கோபுரமோ இதற்கு நேர்மாறானது. இங்கே தீ உச்சியில் இருந்தது. அதனைத் தேடிய கண்கள் கடலில் இருந்தன.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறையில் அத்தகைய மாடம் ஒன்றைக் காட்டுகிறார். ஏணி சாத்தியிருந்தும் ஏறுதற்கரிய உயரம். கூரை வேயப்பெறாத உச்சி. இரவில் அங்கே மாட்டிய கொள்ளி, ஓடும் கலங்களை அழைக்கிறது. சிலப்பதிகாரம் கூறும் ‘கலங்கரை விளக்கம்’ என்னும் பெயரிலும் இவ்வழைப்பே உள்ளது. கலங்கள் சேரும் கரை என்று அதற்குப் பொருள் சொல்வோர் இன்றும் உளர். காக்கை கரைவதை நினைத்தால் அவர்தம் ஐயம் நீங்கும்.

அவ்வாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அவனது தொண்டை நாட்டின் வடபால் கரையில் அமைந்ததே பழவேற்காடு. 1613இல் ஒல்லாந்தர் இங்குக் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர், துணி வாணிகம் நடத்தினர், வெடிமருந்தும் செய்தனர். 1825இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1859இல் இங்குக் கலங்கரை விளக்கம் எழுந்தபோது, வாணிகம் சென்னைக்குப் பெயர்ந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. கலங்கள் வாராத துறைக்கு விளக்கு எதற்கு?

விடை கடலுக்குள் இருக்கிறது. பழவேற்காட்டுக் கடலில் மணல்திட்டுகள் மறைந்து கிடக்கின்றன. சென்னையை நாடிய கப்பல்கள் அவற்றில் தட்டிவிடாமல் ஒதுங்கிச் செல்லவே இவ்விளக்கு வேண்டப்பட்டது. நீர்ப்பெயற்றுத் தீ ‘வருக’ என்றது. பழவேற்காட்டு ஒளி ‘விலகிப் போ’ என்றது. பெயர் மாறவில்லை, பணி தலைகீழாயிற்று!

ஆயினும் கட்டுமரக்காரர் அதனைப் பழைய பொருளிலேயே கொண்டனர். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடித் தூர்வதும், இடம் மாறுவதும் உண்டு. வாயிலே நிலையற்ற கரையில், இரவில் வலைவீசி மீள்வோர்க்கு நிலைத்த குறியன்றோ அது? கப்பல்களை விலக்கிய அதே ஒளி அவர்களை வீட்டுக்கு அழைத்தது. கப்பல் மாலுமிகளுக்கென ஏற்றிய விளக்கின் வரலாற்றில் இவர்களுக்கு இடமளித்தோர் மிகச் சிலரே.

விளக்கை அடுத்த மீனவர் ஊர், லைட் ஹவுஸ் குப்பம். தமிழ்ப் பெயர் வாய்க்கவில்லையே என்று புலவர்கள் வருந்தலாம். ஆனால் அம்மக்கள் அதனைத் தம் பெயராக்கிக் கொண்டனர். அருகே கோட்டைக்குப்பம் என்றோர் ஊரும் உண்டு. ஒல்லாந்தர் கோட்டை சிதைந்து புதருள் மறைந்தது. விளக்கு இன்றும் எரிகிறது.