ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: பழங்கார் வாங்குமுன் நிலையறிதலும் மீட்புச் செலவும்

1. பொருளும் எல்லையும்

பழங்கார் வாங்க வருகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "ஸ்டார்ட் ஆகுமா?" என்பதுதான். விற்பவரும் அதற்கென்றே புதுப் பேட்டரி போட்டு வைத்திருப்பார். இந்தக் கேள்வி செலவைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. மீட்புச் செலவைத் தீர்மானிப்பவை இரண்டு: தகட்டின் நிலை, உதிரிகளின் முழுமை. இன்ஜின் மூன்றாவதாகத்தான் வருகிறது. இதைச் சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. காரின் பிறப்பும் அதன் விளைவுகளும்

இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு 1959இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கலோட்டி. அக்காலத்துப் பிற சிறு கார்கள் ஒற்றைக் கூடாக மாறிக்கொண்டிருந்தபோது இது தனிச் சேஸிஸின்மேல் போல்ட் போட்டு இணைக்கும் பாடியோடு வந்தது. துண்டுகளாக அனுப்பி வெளிநாட்டில் பூட்டுவதற்கு இந்த அமைப்பு வசதியாக இருந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1960களில் இதைச் சென்னையில் தயாரித்தது. இன்ஜின் 948 சிசி. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததில்லை. ஹெரால்டின் வழித்தோன்றலாக 1970களின் தொடக்கத்தில் வந்த கெசல், பின் அச்சு அமைப்பும் மாறி, 1977 வரை தயாரிக்கப்பட்டது.

வாங்குபவருக்கு இந்த வரலாறே முதல் பாடம். இயந்திர உதிரிகளில் பெரும்பகுதியை இங்கிலாந்திலுள்ள டிரையம்ப் உதிரி வியாபாரிகளிடம் இன்றும் வரவழைக்கலாம். நான்கு கதவு வண்டியின் பின்கதவையோ அதன் கண்ணாடியையோ அங்கே கேட்டுப் பயனில்லை. இன்னொரு இந்திய ஹெரால்டைப் பிரித்தால்தான் அது கிடைக்கும்.

3. தகடு

3.1 சேஸிஸ்

வண்டியை ராம்ப்பில் ஏற்றாமல் பேச்சைத் தொடங்கக்கூடாது. ஹெரால்டின் நடுச் சட்டங்கள் தடிமனானவை. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும், ஓரமாக ஓடும் சட்டங்களும் மெல்லியவை. மழைநீரும் சேறும் அங்கேதான் தங்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய இடம் மந்தமாகக் கேட்கும். அந்த இடத்தை ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பார்க்க வேண்டும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த அடிப்பாகம் நம்பிக்கைக்குரியதன்று. மறைக்கும் தேவை எங்கோ இருந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கதவு இடைவெளி. பாடியின் முன்பாகமும் பின்பாகமும் தனித்தனியே சேஸிஸில் அமர்வதால், சேஸிஸ் தொய்ந்தால் கதவைச் சுற்றிய கோடு மேலே நெருங்கிக் கீழே விரியும். திறந்த கதவு ஒரு விரல் கீழிறங்கினால் முதலில் கீலைப் பார்க்கலாம். கீல் சரியாக இருந்தும் இறங்கினால் பழுது அடியில் இருக்கிறது.

3.2 பாடி

பேட்டரி அமரும் தட்டை முதலில் பார்க்க வேண்டும். பல்லாண்டு ஒழுகிய ஆசிட் அதைத் தின்று, கீழே கால் வைக்கும் தளம்வரை இறங்கியிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் குழியைத் தடவிப் பார்க்க வேண்டும். கதவின் கீழ்விளிம்பில் நீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டிருந்தால் உள்தகடு போயிருக்கும்.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை முழு பாடிமீதும் நகர்த்துங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. கை தேர்ந்த டிங்கர் தகடு வெட்டி வைத்து, மேலே மிக மெல்லியதாகவே பட்டி பூசுவார். அவசர வேலையில் பட்டியே தகடாகிவிடுகிறது. அதைச் சுரண்டினால் ஓட்டைதான் மிஞ்சும். அதனால் பளபளப்பாகப் பெயின்ட் அடித்த வண்டியைவிட, வெளிறிய பழைய பெயின்டோடு நிற்கும் வண்டியையே நான் விரும்புவேன். அதன் குறைகளாவது கண்ணுக்குத் தெரிகின்றன.

கடற்கரையோர ஊரில் நின்ற வண்டியும் உள்மாவட்டத்தில் நின்ற வண்டியும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தாலும் தகட்டில் ஒன்றாக இரா. வண்டி எங்கே நின்றது, ஓட்டுக் கூரைக்கு அடியிலா வெட்டவெளியிலா என்று கேட்டறிவது அவசியம்.

4. இயந்திரம்

போரிங், கிராங்க் கிரைண்டிங் போன்றவற்றுக்கு ஊர்தோறும் லேத் பட்டறைகள் உண்டு. அதனால் இந்தப் பகுதியின் செலவை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியும். இரண்டு இடங்களில் மட்டும் விழிப்பு வேண்டும்.

ஒன்று, கிராங்கின் முன்பின் ஆட்டம். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்னாலுள்ள கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது கழன்று விழுந்த பிறகும் ஓட்டினால் கிராங்கோடு பிளாக்கும் கெடும். சில நூறு ரூபாய் வேலை முழு இன்ஜின் வேலையாகிவிடும்.

மற்றது முன்சக்கரத்தைத் தாங்கும் பித்தளை டிரன்னியன். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தே பழகிய வண்டிகளில் மறைகள் காய்ந்து, செங்குத்துத் தண்டு முறியக்கூடும். முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். இது செலவோடு நிற்காது, உயிர்ப் பிரச்சினை.

5. முழுமை

இல்லாத பொருள்களைப் பட்டியலிட்டு எழுதிக்கொள்ளுங்கள்: விளக்கு வளையம், கைப்பிடி, மீட்டர், பாடியோர அழகுப்பட்டை, பேட்ஜ். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளில் தேடினால் சில கிடைக்கும், பல கிடைக்கா. துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடிகள் குழிகுழியாகிவிட்டால் மீண்டும் குரோம் ஏற்றுவதும் கடினம். ஓடாத, ஆனால் எல்லாம் உள்ள வண்டி, ஓடும் அரைகுறை வண்டியைவிடச் செலவு குறைந்தது.

6. ஆவணம்

சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அனைவரின் ஒப்புதல் தேவை. 2021இல் மத்திய அரசு திருத்திய விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத காரை விண்டேஜாகப் பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட அனுமதியில்லை. வேறு இன்ஜின் மாற்றிய வண்டி மலிவாகக் கிடைத்தாலும் இந்த இடத்தில் சிக்கும்.

7. கணக்கு

விலையைப் பின்னிருந்து கணக்கிட வேண்டும். முறை விளங்குவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். மீட்டெடுத்த ஹெரால்டு 6 லட்சம் பெறும். டிங்கரிங், பெயின்ட் 2.5 லட்சம், இயந்திரம் 90 ஆயிரம், குரோம், குஷன், ரப்பர், வயரிங் 1.2 லட்சம். ஆக 4.6 லட்சம். பெயின்டைச் சுரண்டிய பிறகே தெரியவரும் பழுதுகளுக்காக இதன்மேல் கால்பங்கு சேர்த்தால் 5.75 லட்சம். எனவே இன்று நிற்கும் வண்டியின் மதிப்பு 25 ஆயிரம். "ஓடுகிற வண்டி" என்று ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். அப்பா ஓட்டிய கார் என்ற பாசத்தால் கூடக் கொடுப்பவரை நான் தடுக்கமாட்டேன். எவ்வளவு கூடக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும்.

கடைசியாக வந்த கெசலும் 2027இல் விண்டேஜ் பதிவுக்கு வேண்டிய 50 ஆண்டைத் தொடும். வீட்டுப் பின்புறம் ஹெரால்டு நிற்கிறது, மீட்க முடியாது என்று தீர்மானித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காயலான் கடைக்கு எடைபோடும் முன் கதவு, கண்ணாடி, விளக்கு வளையங்களை மட்டும் கழற்றி, மீட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள்.