பல்முறைவழியாக்கிக் கணினிகளில் நினைவகத்தில் எழுதுதல்

ஒரே முதன்மை நினைவகத்தைப் பல முறைவழியாக்கிகள் பகிர்ந்துகொள்ளும் கணினியில், தரவை எழுதும் வேலை தேங்காமல் நடப்பதற்கான வன்பொருள், மென்பொருள் உத்திகள் இத்தலைப்பில் அடங்கும். வாசிப்பதில் சிக்கல் குறைவு. ஒவ்வொரு முறைவழியாக்கியும் தன்னருகே வைத்திருக்கும் சிறு, விரைவான நினைவகமே பதுக்கு நினைவகம்; ஒரு தரவின் பிரதி எத்தனை பதுக்கு நினைவகங்களில் கிடந்தாலும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். யாராவது ஒருவர் எழுதினால்தான் மற்றப் பிரதிகள் பழையனவாகிவிடுகின்றன.

ஒவ்வொரு எழுதலையும் உடனுக்குடன் முதன்மை நினைவகத்துக்கு அனுப்புவது எளிய வழி. ஆனால் பொதுத் தரவு வழி விரைவில் நெரிசலாகிவிடும். 1984 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மார்க் பாப்பமார்கோசும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஜனக் படேலும் வெளியிட்ட நெறிமுறை இதற்கு நல்ல தீர்வானது. பின்னர் மெசி என அறியப்பட்ட அந்நெறிமுறையில் பதுக்கு நினைவகத்தின் ஒவ்வொரு வரியும் (ஒன்றாகவே நகர்த்தப்படும் தரவுத் துண்டு) மாற்றப்பட்டது, தனித்தது, பகிரப்பட்டது, செல்லாதது என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றில் முறை வந்தவர் மட்டும் இறைப்பதுபோல, வரியின் உரிமை பெற்ற முறைவழியாக்கி மட்டுமே அதில் எழுதலாம். வேறெங்கும் பிரதி இல்லாத ‘தனித்த’ வரியில் யாருக்கும் அறிவிக்காமலே எழுதலாம் என்பதுதான் இதன் பெரிய ஆதாயம்.

பிறரிடமுள்ள வரியின் உரிமை வந்துசேர நூற்றுக்கணக்கான கடிகாரச் சுற்றுகள்கூடப் பிடிக்கலாம். அதுவரை காத்திராமல், எழுதவேண்டியதை எழுதல் இடையகத்தில் போட்டுவிட்டு முறைவழியாக்கி அடுத்த கட்டளைக்குப் போய்விடும். வேகம் கிடைக்கிறது, ஆனால் எழுதியது மற்றவர்களுக்குத் தெரியப் பிந்துகிறது. ஒவ்வொரு முறைவழியாக்கியின் செயல்களும் நிரலில் உள்ள வரிசையிலேயே நடந்ததாக எல்லோருக்கும் தெரியவேண்டும் என, கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1979 இல் வரையறுத்த வரிசைமுறை ஒழுங்கு இங்கே குலைகிறது. எக்ஸ்86 வகையில், முன்னர் எழுதியதைப் பின்வரும் வாசிப்பு முந்தலாம். சாதாரண எழுதல்கள் ஒன்றையொன்று முந்தியதாகத் தெரியாது. ஆர்ம் வகையிலும், சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி முறைவழியாக்கிகள் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் வகையிலும் எழுதல்கள்கூட ஒன்றையொன்று முந்தலாம். ஒழுங்கு தேவையான இடத்தில் நிரலர், முந்துவதைத் தடுக்கும் தடைக்கட்டளையை இடவேண்டும். எங்கே தேவை என்பதைத் தெளிவாக்கியவர்கள் கணினி ஆய்வாளர்களான சரிதா அட்வேயும் மார்க் ஹில்லும். தரவுப் போட்டி (ஒருவர் எழுதும் தரவை மற்றொருவர் ஒருங்கிணைப்பின்றி அதே நேரத்தில் தொடுவது) இல்லாத நிரலுக்கு வரிசைமுறை ஒழுங்கு உறுதி என்ற அவர்களின் 1990 ஆம் ஆண்டுக் கருத்தே ஜாவா, சி++ மொழிகளின் நினைவக விதிகளுக்கு அடிப்படை.

மென்பொருளில் அடிக்கடி கவனிக்கப்படாதது பொய்ப் பகிர்வு. இன்றைய கணினிகள் பலவற்றில் ஒரு வரி 64 பைட்டு. தொடர்பில்லாத இரு எண்ணிகள் ஒரே வரியில் அமைந்துவிட்டால், இரண்டு முறைவழியாக்கிகளுக்கிடையே அந்த வரி ஓயாமல் அலையும். நிரலில் பிழை தெரியாது, வேகம் மட்டும் படுத்துவிடும். எண்ணிகளை வெவ்வேறு வரிகளில் வைத்தாலே போதும். கூடுதல் முறைவழியாக்கிகளுக்குக் காசு செலவழிப்பதற்கு முன் இதைத்தான் சோதிக்கவேண்டும்.

பெரிய அணிகளை நிரப்பும்போது வேறொரு விரயம் உண்டு. வரியை எழுத, முதலில் அதை நினைவகத்திலிருந்து வாசித்து எடுக்கவேண்டியிருப்பதால் 64 பைட்டு எழுத 128 பைட்டுப் போக்குவரத்து ஆகிறது. பதுக்கு நினைவகத்தைத் தவிர்த்து நேரே எழுதும் சிறப்புக் கட்டளைகள் இதைப் பாதியாக்கும். எழுதியதை உடனே திரும்ப வாசிக்கும் நிரலுக்கு அவை நட்டமே.