ஒட்டும் கொட்டையும்: மாம்பழத்தின் கதை

ஜூன் மாதத்தில் பி பிளாக் ஜெனரேட்டர் அறைப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும். அங்கே நிற்கும் மாமரத்தை யாரும் நடவில்லை. கட்டட வேலை நடந்த காலத்தில் யாரோ தின்றுவிட்டு எறிந்த கொட்டை முளைத்திருக்க வேண்டும். பழம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், நார் அதிகம், பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். கத்தியே வேண்டாம். மெல்ல உருட்டிக் கசக்கி, காம்பைக் கிள்ளிப் பாலைப் பிதுக்கிவிட்டு, முனையில் சின்னதாகக் கடித்து உறிஞ்ச வேண்டியதுதான். முதலில் தித்திப்பு, பின்னாலேயே லேசான புளிப்பு, கடைசியில் கொட்டையைச் சப்பும்போது முழங்கை வரை வழியும் சாறு.

அந்த மரத்தை எடுத்துவிட்டு இரண்டு கார் நிறுத்த இடம் செய்யலாம் என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. இடம் போதவில்லை என்பது உண்மைதான். கையைத் தூக்குவதற்கு முன்னால் மாம்பழத்தின் வரலாற்றில் ஒரு சங்கதியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நாம் கடையில் வாங்கும் பங்கனப்பள்ளிகள் எல்லாம் ஒருவகையில் ஒரே மரத்தின் பழங்கள். மல்கோவாவும் நீலமும் அப்படித்தான். நல்ல மல்கோவாவின் கொட்டையை ஊன்றினால் மல்கோவா வராது. மாம்பூவில் ஈயும் தேனீயும் எந்த மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தனவோ, அந்தக் கலப்பில் ஒரு புது மரம்தான் வரும். அப்பா அம்மா இருவரின் சாயலும் இருந்தாலும் பிள்ளை வேறு ஆள் இல்லையா, அதுபோல. கேரளத்திலும் மேற்குக் கரையிலும் சில வகைகள் விதிவிலக்கு. அவற்றின் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் கிளம்பும், அவை பெரும்பாலும் தாயைப் போலவே காய்க்கும். நம் பக்கத்துப் பெயர் பெற்ற ரகங்களுக்கு அந்தக் குணம் இல்லை.

அதனால், ருசியான ஒரு மரம் கிடைத்தால் அதைக் காப்பாற்ற ஒட்டுக் கட்டுவது ஒன்றே வழி. நெருக்கு ஒட்டு என்கிற பழைய முறையில், தொட்டியில் வளர்ந்த நாட்டு மாங்கன்றைத் தாய்மரத்தின் கிளை அருகே பரண் கட்டி உயர்த்தி வைப்பார்கள். இரண்டின் பட்டையையும் ஒரு பக்கம் சீவி, சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, இரண்டு மூன்று மாதம் காத்திருப்பார்கள். ஒட்டிக்கொண்டதும் கிளையைத் தாயிடமிருந்து அறுத்துவிட்டால், நாட்டு வேரின் மேல் தாய்மரமே மறுபடி நிற்கும்.

இந்த யோசனை இங்கே புதிதல்ல. 6-ஆம் நூற்றாண்டின் பிருகத் சம்ஹிதையிலேயே மரங்களை ஒட்டுவது பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆனால் மாமரத்தில் அதை விடாமல் செய்து, ரகங்களுக்குப் பெயரும் வைத்துப் பரப்பிய பெருமை கோவாவில் இருந்த போர்ச்சுக்கீசியருக்கே தரப்படுகிறது. 1510-இல் கோவாவைப் பிடித்த அல்போன்சோ டி அல்புகர்க்கின் பெயர்தான் அல்போன்சா பழத்தில் இருக்கிறது. பழத்துக்கு உலகம் வைத்த பெயரும் இந்த வழியாகப் போனதே. மலபாரில் அவர்கள் கேட்ட 'மாங்ங' போர்ச்சுக்கீசிய மொழியில் 'மாங்கா'வாகி, ஆங்கிலத்தில் 'மேங்கோ'வாக முடிந்தது.

வடக்கே அக்பர் தர்பங்காவில் ஒரு லட்சம் மாமரங்கள் வைத்தார் என்பார்கள். அந்தத் தோப்புக்கே 'லாக் பாக்' என்று பெயர். லக்னோ அருகே தசேரி என்ற ஊரில் தசேரி ரகத்தின் தாய்மரம் இன்னும் நிற்கிறது. அந்தப் பழத்தை வேறு யாரும் வளர்த்துவிடக் கூடாது என்று, பரிசாக அனுப்பும்போது நவாப்கள் கொட்டையில் துளை போட்டு அனுப்பினார்களாம். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் துளைக்கு அவசியமே இல்லை. கொட்டையை ஊன்றியிருந்தாலும் தசேரி முளைத்திருக்காது. அவர்கள் காவல் போட்டிருக்க வேண்டியது கிளைக்கு!

எனக்கு மிகவும் பிடித்தது மல்கோவா அமெரிக்கா போன கதை. 1889-இல் அமெரிக்க வேளாண் துறை இந்தியாவிலிருந்து சில ஒட்டுக் கன்றுகளைக் கப்பலில் வரவழைத்து ஃப்ளோரிடாவில் நடக் கொடுத்தது. 1894-95 குளிர்காலத்தில் அங்கே விழுந்த கடும் உறைபனியில் கன்றுகள் கருகின. எல்பிரிட்ஜ் கேல் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரின் தோட்டத்தில் ஒன்றே ஒன்று பிழைத்தது. அவர்கள் அதை 'முல்கோபா' என்று எழுதினார்கள். சில ஆண்டுகளில் அது காய்த்தபோது, மாம்பழம் என்றால் நாரும் டர்பன்டைன் வாடையும் என்று நினைத்திருந்த ஊரே திகைத்தது.

அந்த மரத்துப் பழங்களை வாங்கிய கேப்டன் ஜான் ஹேடன், 1902-இல் மயாமியை ஒட்டிய கோகனட் குரோவில் அவற்றின் கொட்டைகளை ஊன்றினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். கன்றுகளைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. 1910-இல் அவற்றில் ஒன்று காய்த்தது. பழம் முல்கோபா மாதிரி இல்லை. மஞ்சளில் சிவப்புக் கன்னம் வைத்த வேறொரு பழம், தாயைவிட நன்றாகவும் காய்த்தது. முல்கோபாவும் உள்ளூர் டர்பன்டைன் மாவும் கலந்த பிள்ளை அது என்று பின்னாளில் மரபணுச் சோதனை காட்டியது. அதற்கு ஹேடன் என்றே பெயர் வைத்தார்கள். ஊன்றியவர் ஒரு பழம்கூடத் தின்னவில்லை. இன்று வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டுகளில் அடுக்கியிருக்கும் டாமி அட்கின்ஸ் அந்த ஹேடனின் விதையிலிருந்து வந்தது. தடித்த தோல், நெடுந்தூரம் தாங்கும். ருசியைப் பற்றி அங்கிருக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆராய்ச்சி நிலையங்கள் இதையே திட்டமிட்டும் செய்தன. டெல்லியில் நீலத்தையும் தசேரியையும் கலந்து மல்லிகா, ஆம்ரபாலி என்ற இரு ரகங்களை 1970-களில் வெளியிட்டார்கள். ஆனால் மல்கோவா, தசேரி, அல்போன்சா போன்ற பழைய பெயர்கள் பெரும்பாலும் தற்செயலாக முளைத்தவை. யாரோ ஒருவர் தின்று பார்த்து, இதை விடக் கூடாது என்று நினைத்ததால் நின்றவை. யாரும் தின்று பார்க்காமல் போன மரங்கள் எத்தனையோ.

ஆகவே நம் ஜெனரேட்டர் அறை மரம் உலகத்தில் இது ஒன்றுதான். மல்கோவாவோடு இதை ஒப்பிடவில்லை. துண்டு போட்டுத் தட்டில் வைத்தால் இது தோற்றுவிடும். மரத்தடியில் நின்று உறிஞ்சித் தின்பதில் மல்கோவாதான் தோற்கும். பழக்குழம்புக்கும் இதன் புளிப்புத்தான் சரி. கார் கண்ணாடியில் பிசின் ஒட்டுகிறது, பழுத்து விழுந்ததில் ஈ மொய்க்கிறது என்று சொல்பவர்கள் சொல்வதும் பொய்யில்லை. பெருக்கித் தள்ளும் அம்மாவிடம் கேட்டால் இன்னும் காரமாகச் சொல்வார்.

பொதுக்குழு எப்படி முடிவெடுத்தாலும், வெட்டுவதற்கு முன் குச்சி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கப் போகிறேன். இப்போதெல்லாம் பரண் கட்ட வேண்டாம். பென்சில் கனத்தில், மூன்று நான்கு மாத முதிர்ச்சி உள்ள நுனிக்கிளை போதும். காம்பை விட்டு இலைகளைக் கிள்ளிவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் மொட்டு உப்பும். அப்போது அறுத்து நாட்டுக் கன்றில் செருகிக் கட்டலாம். மலிஹாபாத்தின் கலீமுல்லா கான் ஒரே மரத்தில் சுமார் 300 ரகங்களை ஒட்டி 2008-இல் பத்மஸ்ரீ வாங்கினார். நமக்கு ஒரு ரகம், ஒரு பத்துக் கன்று போதும். நர்சரியில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் ஒருவர் காற்றில் ஈரம் வந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சொந்த ஊரில் நிலமோ கொல்லையோ உள்ளவர்கள், கன்று வேண்டுமென்றால் செக்யூரிட்டி மேசையில் உள்ள நோட்டில் வீட்டு எண்ணை எழுதிவையுங்கள். இந்த வருஷப் பழம் இன்னும் பத்து நாளில் விழ ஆரம்பிக்கும். காலை ஆறு மணிக்கு முன்னால் வந்தால் அணில் கடிக்காதது கிடைக்கும்.