577 மைக்ரோநொடி யாருடையது? துறைமுக வாகனங்களும் துடிப்புச் சோதனையும்

வாகன மின்காந்த இணக்கத்துக்கான ஏஐஎஸ் 004 (பகுதி 3) தரமும் அது அடியொற்றும் ஐ.நா. விதி 10-உம், நெடுங்காலம் வழங்கிவந்த வடிவில், 20 முதல் 2000 மெகாஹெர்ட்ஸ் வரை வண்டியின்மீது மின்புலத்தைப் பாய்ச்சச் சொல்கின்றன. 800-க்கு மேல் துடிப்புப் பண்பேற்றத்தை, அதாவது அலையை விட்டுவிட்டு அனுப்புவதை, 4600 மைக்ரோநொடிக்கு ஒருமுறை 577 மைக்ரோநொடி என வரையறுக்கின்றன. இந்த ஒரு வரியை எல்லாத் துடிப்பலைகளுக்கும் பதிலியாகக் கொண்டு, இதில் தேறிய வண்டி ரேடார் முன்னும் தேறும் என வாசிக்கும் மரபு உண்டு. அவ்வாசிப்புக்கு அவ்வரியே இடங்கொடுக்கவில்லை.

ஜிஎஸ்எம் கைபேசி முறையில் 4.615 மில்லிநொடிச் சட்டகம் ஒன்று எட்டுக் கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒரு கூறு 577 மைக்ரோநொடி. ஆகவே விதி வரைந்திருப்பது பயணியின் சட்டைப்பையிலுள்ள கைபேசியை. அதன் உச்சத்திறன் சராசரியைப்போல் எட்டு மடங்கு. நொடிக்கு ஆயிரம் முறை அரை மைக்ரோநொடி துடிக்கும் கப்பல் ரேடாரிலோ அது இரண்டாயிரம் மடங்கு. அது இயங்கும் 3, 9.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளும் விதியின் எல்லைக்கு வெளியே உள்ளன.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலொன்றின் ரேடார் 25 கிலோவாட் உச்சத்திறனும் ஆயிரம் மடங்கு ஆண்டெனா ஈட்டமும் உடையதெனில், தடையற்ற வெளியில் 300 மீட்டரில் முதன்மைக் கற்றையின் புலம் மீட்டருக்கு ஏறக்குறைய 90 வோல்ட். விதி கோருவது 30. இது கணக்கீடே, அளவீடு அன்று. தளத்தில் எதிரொளிப்பும் மறைப்பும் இதை மாற்றக்கூடும். கற்றை லாரிகளுக்கு மேலே போய்விடும் என்பது வலுவற்ற மறுப்பு: 30 மீட்டர் உயர ஆண்டெனாவிலிருந்து அத்தொலைவுக்குச் சரிவு 6 பாகைக்கும் குறைவு, கற்றையின் செங்குத்து அகலமோ ஏறத்தாழ 20 பாகை. நீண்ட துடிப்பே கடுமையானது என்பதும் வெப்பத்துக்குத்தான் பொருந்தும். இங்குள்ள கேடு வேறு: குறைகடத்திச் சந்தி அலையை நேர்ப்படுத்தும்போது அரை மைக்ரோநொடி முள்ளொன்று பிறக்கிறது, நொடிக்கு 500 கிலோபிட் செல்லும் கேன் தடத்தில் ஒரு பிட்டின் நேரமே 2 மைக்ரோநொடி.

இத்தகைய துடிப்பை உருவாக்குவதில்தான் ஆய்வகங்கள் தடுமாற இடமுண்டு. அலையாக்கியை பின்-டையோடு நிலைமாற்றியால் துண்டித்து, பயண அலைக் குழாய்ப் பெருக்கியால் உயர்த்த வேண்டும். துடிப்புப் பணிக்கென்றே அமைந்த பெருக்கி அதே உச்சத்தில் தொடரலையைத் தாங்காது. புல உணரியோ இவ்வளவு குறுந்துடிப்பைப் பின்தொடராது. எனவே குறைந்த மட்டத்தில் தொடரலையால் புலத்தை அளந்து, முன்செல்திறனை அவ்விகிதத்தில் உயர்த்தி, உச்சத்தை டையோடு உணரியாலும் அலைகாட்டியாலும் சரிபார்ப்பதே வழி. சராசரி காட்டும் திறன்மானியை நம்புபவர் 33 டெசிபெல் பிழைக்கு ஆளாவார். துடிப்புகளுக்கிடையே பெருக்கியின் இரைச்சலும் அடைக்கப்பட வேண்டும்; இல்லையெனில் வண்டி எதற்குத் தடுமாறியது என்று பிரித்தறிய இயலாது.

நிமிடத்துக்கு 24 முறை சுழலும் ஒரு பாகைக் கற்றை ஒரு புள்ளியைத் தொடுவது 7 மில்லிநொடிதான். 2.5 நொடிக்கு ஒருமுறை ஏழு துடிப்புகள்: சோதனை அலையின் வடிவம் இதுவாக இருத்தல் வேண்டும். 18 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் ஐஎஸ்ஓ 11451-2 இதற்கு அலைவெண் இடமளிக்கிறது. 2025 ஆகஸ்ட் 4-இல் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை திறக்கப்பட்ட ஊரில் இக்கேள்வி லாரிகளோடு நிற்பதுமன்று. சோதனைக்கு எடுக்கும் வண்டியும் புத்தம்புதியதாக இல்லாமல், உப்பளக் காற்றில் சில ஆண்டு ஓடி, புவியிணைப்புப் பட்டையின் திருகடியில் பச்சை பூத்ததாக இருப்பது நல்லது.