மரிக்கார் என்னும் பெயரும் மரபணு கூறும் சாட்சியமும்

 

"அவர்கள் எந்த வம்சம்?" கல்யாணப் பேச்சு எழும்போது எமது வீடுகளில் இன்றும் கேட்கப்படும் முதல் வினாக்களுள் இதுவும் ஒன்றாகும். மாப்பிள்ளையின் மார்க்கப்பற்றும் நற்குணமும் விசாரிக்கப்படுவதற்கு முன்னரே பாட்டனாரின் பெயர் விசாரிக்கப்படுகின்றது. அப்பெயரின் இறுதியில் மரிக்கார் என்றோ, ஸெய்யிது என்றோ வருமாயின் சபையில் ஒரு மதிப்பு. வராவிடின் ஒரு தயக்கம். ஒஸ்தாமார் குடும்பத்துப் பிள்ளை என்ற ஒரே காரணத்தினால் நல்ல சம்பந்தங்கள் தட்டிக்கழிக்கப்பட்டதும் எமது ஊர்களில் நிகழாத ஒன்றன்று.

இக்காலத்து இளைஞர்கள் இதே வினாவை வேறு விதமாகக் கேட்கின்றனர். உமிழ்நீரைச் சிறு குழாயில் இட்டு வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பினால் மூதாதையர் யாவர் என்பது தெரிந்துவிடும் என அவர்கள் கேள்விப்பட்டிருக்கின்றனர். "நாங்கள் மரிக்கார் குடும்பம். எங்கள் மூதாதையர் அரபு நாட்டவரா, காயல்பட்டினத்தவரா? மரபணுவைப் பார்த்தால் தெரியாதா?" என்பது அவர்களது வினா. நியாயமான வினாதான். ஆனால் மரபணு விடை கூறுமுன் அப்பெயரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பழைய விவாதம் ஒன்று

இவ்வினா எமது சமூகத்துக்குப் புதியதன்று. சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக விளங்கிய பொன்னம்பலம் இராமநாதன் 1888ஆம் ஆண்டில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டு ஆங்கிலக் கட்டுரையொன்றை வெளியிட்டார். அறிஞர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907ஆம் ஆண்டில் அதற்கு விரிவான மறுப்பொன்றை எழுதி, சோனகர் அரபு வழித்தோன்றல்களே என நிறுவ முற்பட்டார். அன்று இது வெறும் ஏட்டு விவாதமாக இருக்கவில்லை. முஸ்லிம்களுக்குச் சட்டசபையில் தனி ஆசனம் வேண்டுமா, வேண்டாமா என்பதும் இதில் அடங்கியிருந்தது. 1889ஆம் ஆண்டில் எம்.ஸீ. அப்துர் ரஹ்மான் அவர்கள் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்கள்.

இரு தரப்பாரும் ஒரு விடயத்தில் ஒத்த கருத்தினராகவே இருந்தனர். ஒரு சமூகத்துக்கு ஒரேயொரு வேரே இருக்க முடியும் என்பதே அது. இந்த எண்ணம் சரியானதா என்பதை மரிக்கார் என்ற ஒரு பெயரைக் கொண்டே ஆராய்வோம்.

பெயரின் பொருள்

மலையாளக் கரையில் மரக்கார். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய தமிழகக் கரையோர ஊர்களில் மரைக்காயர், மரக்காயர். இலங்கையின் கிழக்கே மரைக்கார். மேற்குக் கரையில் மரிக்கார். இவை யாவும் ஒரே சொல்லின் வேறுபட்ட உச்சரிப்புக்களேயாகும். மரக்கலராயர் என்பதே இவ்வாறு மருவிற்று என்பர் சிலர். கப்பலைக் குறிக்கும் மர்கப் என்ற அரபுச் சொல்லினடியாகப் பிறந்தது என்பர் வேறு சிலர். சிங்கள மக்கள் முஸ்லிம்களை மரக்கல மினிஸ்ஸு என அழைத்துவந்ததும் இங்கு நோக்கற்பாலது. சொல்லின் பிறப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பினும் பொருளில் ஒற்றுமை உண்டு. அது கடலோடும் கப்பலோடும் தொடர்புற்ற பெயர். ஒரு தந்தையின் பெயரன்று. ஒரு கோத்திரத்தின் பெயருமன்று. ஒரு தொழிலையும் அத்தொழிலால் வந்த சிறப்பையும் குறித்த பெயர்.

கடலில் வளர்ந்த பெயர்

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இந்துசமுத்திர வாணிபத்தைத் தம் கைப்படுத்த முனைந்தபோது, கள்ளிக்கோட்டை மன்னரான சாமூதிரியின் கடற்படையைத் தலைமை தாங்கி நடத்தியோர் மரக்கார்களாவர். அவ்வரலாற்றில் எமது நாட்டுக்கும் இடமுண்டு. கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு போர்த்துக்கேயரைச் சார்ந்து நின்றபோது, அவனது சகோதரனான சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னை சாமூதிரியின் துணையை நாடினான். அதன் பொருட்டுப் புறப்பட்ட மரக்கார்களின் கடற்படை 1538ஆம் ஆண்டில் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் போர்த்துக்கேயரால் முறியடிக்கப்பட்டது.

பின்னாளில் குஞ்ஞாலி மரக்கார் என்பது சாமூதிரியின் கடற்படைத் தலைவருக்குரிய பட்டமாயிற்று. நால்வர் அடுத்தடுத்து அப்பட்டத்தைத் தாங்கினர். அவர்களுள் இறுதியானவர் 1600ஆம் ஆண்டில் கோவாவில் போர்த்துக்கேயரால் கொல்லப்பட்டார். இந்நான்காம் குஞ்ஞாலி மூன்றாம் குஞ்ஞாலியின் மகன் அல்லர். மருமகனே ஆவார் என்பது இங்கு கவனித்தற்குரியது. பெயர் தந்தையிலிருந்து மகனுக்குச் செல்லவில்லை. பொறுப்பு யாருடைய கைக்குச் சென்றதோ அவருடன் பெயரும் சென்றது.

கிழக்கிலங்கையின் மரைக்கார்

இவ்வுண்மையை இன்னும் தெளிவாகக் காட்டுவது எமது கிழக்கு மாகாணமாகும். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் முஸ்லிம் ஊர்களில் மக்கள் பல குடிகளாக வகுக்கப்பட்டுள்ளனர். பிள்ளை தாயின் குடியையே சேரும். தந்தையின் குடியைச் சேராது. ஒரே குடிக்குள் திருமணம் செய்வதும் வழக்கமன்று. ஒவ்வொரு குடியின் சார்பிலும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்ந்தவரே மரைக்கார் எனப்பட்டார். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இதன் விளைவு யாது? மரைக்காரின் மகன் தன் தாயின் குடியைச் சேர்ந்தவன். எனவே தந்தை வகித்த பதவி அவனுக்கு உரியதாகாது. தந்தையின் குடியிலேயே பிறந்த இன்னொருவருக்கு, அதாவது சகோதரிக்கோ தாய்வழி உறவுப் பெண்ணுக்கோ பிறந்த ஆண்மகனுக்கே அது செல்லும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் பின்னர் நம்பிக்கையாளர் நியமனம் சட்டத்தின் கீழ் வந்தமை வேறு விடயம். அதற்கு முந்திய மரபில், தந்தை வழியாகச் செல்வது எனப் பலரும் எண்ணும் ஒரு பெயர், தாய் வழியாகவே சென்றது.

மேற்குக் கரையில் நிலைமை வேறு. அங்கு மரிக்கார் என்பது மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் ஐரோப்பியருக்குரியது போன்ற நிலையான குடும்பப் பெயர் எம்மவரிடம் முன்னர் இருக்கவில்லை. தந்தையின் பெயரும் பாட்டனாரின் பெயரும் சுருங்கி முதலெழுத்துக்களாகி முன்னே நிற்கும். அகமது லெப்பை மரிக்கார் என்பவரின் மகன் காசிம், ஏ.எல்.எம். காசிம் ஆவார். அவருடைய மகனின் பெயருக்கு முன்னே அந்த 'எம்' நிற்கலாம், நில்லாமலும் போகலாம். நின்றாலும் அது மரிக்காரா, முகம்மதா என்பது இரண்டு தலைமுறைக்குப் பின் வீட்டாருக்கே தெரிவதில்லை. இவ்வாறு எத்தனையோ மரிக்கார்மாரின் பேரர்கள் இன்று அப்பெயரின்றி வாழ்கின்றனர்.

மரபணு என்ன கூறும்?

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். ஆண்களிடம் மட்டுமே உள்ள வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ மாற்றமின்றிச் செல்கின்றது. குடும்பப் பெயரும் அதே வழியில் செல்லுமாயின் இரண்டும் இணைந்து செல்லும் அன்றோ? ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் சைக்ஸ் தமது சொந்தக் குடும்பப் பெயரைக் கொண்டே இதனைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களுள் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஒரே வகையான வை நிறமூர்த்தம் காணப்பட்டது. பல நூற்றாண்டுகளாகப் பெயர் தந்தைவழியிலேயே பதியப்பட்டுவந்த இங்கிலாந்திலேயே மறுபாதி வேறுபட்டது எனில், மருமகனுக்கும் தாய்வழிக் குடிக்கும் சென்ற ஒரு பெயரைப் பற்றி என்ன கூறுவது?

ஸெய்யிதுமாரைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் தம்மை ஸெய்யிதுகள் எனக் கூறும் ஆண்களின் வை நிறமூர்த்தத்தை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு இரண்டு முடிவுகளைத் தந்தது. அயலிலுள்ள ஏனையோரைவிட இவர்களிடம் அரபுத் தொடர்பின் அடையாளம் கூடுதலாக உள்ளது என்பது ஒன்று. எனினும் இவர்கள் அனைவரும் அண்மைக்காலத்து ஒரே தந்தைவழியிலிருந்து வந்தோர் எனக் காட்டச் சான்று இல்லை என்பது மற்றொன்று. முதல் முடிவைக் கொண்டு பெருமை பேசுவோர் இரண்டாவதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எமக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். அதற்கு முன் எண்மர். இவ்வாறு பத்துத் தலைமுறை பின்சென்றால் மூதாதையர் இடங்கள் 1,024. வை நிறமூர்த்தம் இவற்றுள் ஒரேயொருவரைப் பற்றியே பேசும். தாயிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் இழைமணியின் மரபணுவும் அவ்வாறே ஒரேயொரு பெண்ணைப் பற்றிப் பேசும். எஞ்சிய 1,022 இடங்களையும் பற்றி இவ்விரண்டும் மௌனம் சாதிக்கும். வேதாளைப் போர் நிகழ்ந்த காலத்துக்குச் சென்றால், தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டுகள் என்ற கணக்கில் அந்த இடங்கள் ஐந்து இலட்சத்தையும் தாண்டிவிடும். அவற்றுள் ஒன்றை மாத்திரம் பொறுக்கி எடுத்து "நான் அரபி" என்றோ, "நீ அரபியல்லன்" என்றோ கூறுவது எவ்வளவு அறியாமை!

ஜே என்ற எழுத்தால் குறிக்கப்படும் வை நிறமூர்த்தக் கிளை அரபு நாடுகளில் மிகுதியாக உள்ளது உண்மையே. ஆனால் அதன் ஓர் உட்கிளை தென்னிந்தியாவில் முஸ்லிமல்லாத மக்களிடமும் காணப்படுகின்றது. ஆகவே அறிக்கையில் அவ்வெழுத்தைக் கண்ட மாத்திரத்தே குறைஷிக் குலத்தைச் சேர்ந்தவராகிவிட முடியாது.

அரபுத் தொடர்பு பொய் என்று நாம் கூற வரவில்லை. ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கொள்ளப்படும் கூபி எழுத்து மீஸான் கல் கொழும்பில் கிடைத்துள்ளது. அரபு வணிகர் வந்ததும் உண்மை. மலையாளக் கரையிலிருந்தும் காயல், கீழக்கரையிலிருந்தும் எம்மவர் வந்ததும் உண்மை. இந்நாட்டுப் பெண்கள் எமது பாட்டிமாரானதும் உண்மை. இராமநாதனும் அஸீஸும் ஆளுக்கு ஒரு வேரைப் பிடித்தனர். மரமோ பல வேர்களில் நின்றது.

எது எமது வாரிசுரிமை?

இஸ்லாம் வம்சாவளியைப் புறக்கணிக்கவில்லை. வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்களது சொந்தத் தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்குர்ஆன் பணித்தபின், ஸைத் (ரழி) அவர்கள் மீண்டும் ஹாரிஸாவின் மகன் என்றே அழைக்கப்பட்டார்கள். இல்லாத வம்சத்தை உரிமை கோருவது பாவமாகும். ஆயின் உள்ள வம்சத்தைக் கொண்டு பிறரை இழிவுபடுத்தவும் அனுமதியில்லை. ஸூறதுல் ஹுஜுராத்தின் பதின்மூன்றாம் வசனம், கோத்திரங்கள் அமைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்றும், கண்ணியம் இறையச்சத்திலேயே உண்டு என்றும் எமக்கு உணர்த்துகின்றது.

1829ஆம் ஆண்டில் பிறந்த வாப்பிச்சி மரிக்கார் அவர்களை நினைத்துப் பாருங்கள். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர். ஆயினும் சமூகம் அவரை நன்றியோடு நினைவுகூர்வது, அறிஞர் சித்தி லெப்பை போன்றோருடன் இணைந்து 1892ஆம் ஆண்டில் மருதானையில் நிறுவிய மத்ரஸாவுக்காகவே. பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது அதுவேயாகும். அங்கு கற்று வெளியேறியோர் அவரது நிறமூர்த்தத்தைப் பெற்றவர்கள் அல்லர். அவரது நன்கொடையின் பயனைப் பெற்றவர்கள்.

பெற்றோர்களே! கப்பலைப் பொறுப்பேற்றவனும் பள்ளிவாசலைப் பொறுப்பேற்றவனும் தாங்கிய பெயர் மரிக்கார். அப்பெயர் உங்கள் வீட்டில் இருப்பின் அதன் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கூறுங்கள். மூத்தோர் உயிருடன் இருக்கும்போதே முதலெழுத்துக்களின் விரிவைக் கேட்டு எழுதி வையுங்கள். தாய்வழிப் பாட்டிமாரின் பெயர்களையும் மறவாது எழுதுங்கள். ஆனால் உங்கள் மகளைப் பெண் கேட்டு வரும் நல்ல இளைஞனின் வாசலில் அப்பெயரைத் தடையாக வைக்காதீர்கள். அவனுடைய மூதாதையரின் ஆயிரம் இடங்களுள் எத்தனையில் உங்கள் மூதாதையர் அமர்ந்திருக்கின்றனர் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

எமது உள்ளங்களிலிருந்து குலப்பெருமையை அகற்றி, முன்னோர் சுமந்த பொறுப்பைச் சுமக்கும் வல்லமையை எமக்கும் எமது சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.