நோயில்லாத இடத்துக்கு வைத்த பெயர்

ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிப்போய் ஸ்கேன் எடுத்துவந்த இருபது வயசுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் 'ஃபைப்ரோஅடினோசிஸ்' என்று இருந்தால், அன்றைக்கு அந்த வீட்டில் உலை கொதிக்காது. அந்தச் சொல்லின் வரலாறு தெரிந்தால் பயம் பாதி குறையும்.

1840-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் மார்பின் உடற்கூறு பற்றி ஒரு நூல் போட்டார். மார்பைத் தாங்கிப் பிடிக்கும் நார்ப்பட்டைகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். இளவயதில் சுரப்பியும் நாரும் அதிகம், கொழுப்பு கம்மி. அதனால் தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் நீர் கோத்துக் கனக்கும், பாசிமணி மாதிரி நெருடும், முடிந்ததும் இளகிவிடும். எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்காது. வயது ஏறினால் கொழுப்பு கூடி மிருதுவாகும்.

பின்னால் வந்த மருத்துவர்கள் இந்த நெருடலையும் நோய்க் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 'நாட்பட்ட மார்பு அழற்சி' என்று ஒரு பெயர் வேறு, அழற்சியே இல்லாத இடத்தில்! 1982-ல் சூசன் லவ்வும் இரண்டு சகாக்களும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 'இதெல்லாம் நோய்தானா?' என்று கேட்டார்கள். 1987-ல் கார்டிஃப் நகரின் ஹியூஸ் குழு, இவற்றில் பெரும்பாலானவை இயல்பின் சிறு விலகல்களே என்று லான்செட்டில் வகைப்படுத்தியது. பழைய பெயர்தான் நம்ம ஊர் ரிப்போர்ட்டுகளை விட்டு இன்னும் போகவில்லை.

தனியாக ஒரு கட்டி மாதவிலக்கு முடிந்தும் கரையாமல் நின்றாலோ, தோல் உள்ளே இழுத்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ கதை வேறு. உடனே டாக்டரிடம் காட்டணும். இளம்பெண்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் எழுதுவதும் இந்தக் கெட்டித்தன்மையால்தான்: மேமோகிராமில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை.