எதிராளி யாருக்குச் சொந்தம்?

ஆட்டங்களைப் பற்றி எழுதுவது வீண்வேலை என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமுதாயம் உடைமையை எவ்வாறு பகிர்கிறது, உழைப்பை எவ்வாறு மதிக்கிறது என்பன அதன் ஆட்டங்களிலும் தடம் பதிக்கின்றன. நம்மவர் நாயும் புலியும் என்றும், தமிழகத்தார் ஆடுபுலி என்றும் வழங்கும் ஆட்டத்துக்குக் கரிக்கட்டியும் கூழாங்கற்களுமே முதல். இதனையொத்த சிறுத்தை ஆட்டங்களை இலங்கைக் கிராமங்களிற் கண்ட ஹென்றி பாக்கர், 1909 இல் வெளிவந்த தமது நூலிலே அவற்றைப் பதிவு செய்தார். அவற்றின் விதிகள் எவருடைய தனியுடைமையும் அல்ல.

இயந்திரம் எதிராளியாக வந்தமர்ந்தபோது நிலைமை மாறியது. 1770 இல் வியன்னா அரசவையிற் கெம்பலன் காட்டிய சதுரங்க 'இயந்திரம்' ஐரோப்பாவையே மயக்கியது. உண்மையில் அப்பெட்டிக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருந்து காய்களை நகர்த்தினான். புகழ் இயந்திரத்துக்கு, வருவாய் உடைமையாளனுக்கு, புழுக்கம் மட்டுமே உள்ளிருந்தவனுக்கு!

1950 இல் அமெரிக்க அறிஞர் கிளோட் ஷனன் உண்மையான கணினி எதிராளிக்கு வழி வகுத்தார். வரக்கூடிய நகர்வுகளை முன்னோக்கிப் பார், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மதிப்பெண் இடு, சிறந்ததைத் தேர்ந்துகொள். ராணிக்கு 9, கோட்டைக்கு 5, காலாளுக்கு 1 என அவர் மதிப்புக் குறித்தார். இயந்திரத்தின் அறிவு எனப்படுவது மனிதன் இட்ட மதிப்பிலிருந்தே பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னர் வணிகர்கள் இம்மதிப்புகளைப் பூட்டிவைத்து விற்றனர். அப்பூட்டை உடைக்க எழுந்ததே திறந்த மூலநிரல் இயக்கம். 1995 இன் இறுதியில் டென்மார்க்கின் ஓகூஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 'பிரீசிவ்' என்னும் ஆட்டத்தைத் தொடங்கினர். மனிதர் மனிதருடன் ஆடவே முதலில் அது அமைந்தது. கணினி எதிராளி பின்னரே சேர்க்கப்பட்டது. சலுகை பெற்று ஆடும் அவ்வெதிராளியின் ஒரு நிலைக்கு 'ஏமாற்று' என்றே வெளிப்படையாகப் பெயரிட்டனர். ஏமாற்றுவதையும் அறிவித்துச் செய்யும் நேர்மையை எந்த வணிகனிடம் காண்போம்?

2003 இல் வெளிவந்த 'வெஸ்நொத்' இன்னும் சிந்திக்கத் தக்கது. அதன் எதிராளிக்குத் 'தாக்கும் வேகம்' என ஓர் அளவு உண்டு. அதனை 1 ஆக வைத்தால், தன் படையின் இழப்பை அது பொருட்படுத்தாது. 'கிராமத்தின் மதிப்பு' என இன்னோர் அளவும் உண்டு. இரண்டையும் எவரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம்.

பொதுவுடைமைக்குக் காவலும் தேவை. 2008 இல் தோன்றிய 'ஸ்டொக்பிஷ்' சதுரங்க எதிராளியைத் தொண்டர் பலர் தம் கணினிகளின் நேரத்தையும் ஈந்து வளர்த்தனர். அவ்வுழைப்பை ஒரு ஜெர்மன் நிறுவனம் உரிம விதிக்கு மாறாக விற்றதென்று 2021 இல் வழக்குத் தொடுத்தனர். 2022 நவம்பரில் இணக்கம் ஏற்பட்டது. ஓராண்டுக்கு அந்நிரல் அடங்கிய பொருள்களை விற்பதில்லை என அந்நிறுவனம் உடன்பட்டது. இன்று அவ்வெதிராளியின் மதிப்புகளைப் பெரும்பாலும் நரம்பு வலைப்பின்னலே கற்றுக்கொள்கிறது. அவ்வெண்களின் பொருளை மனிதன் எளிதில் வாசிக்க இயலாது. திறந்திருப்பது மட்டும் போதாது, விளங்கவும் வேண்டும் என்ற புதிய போராட்டம் இங்கே தொடங்குகிறது.

மல்லாவியில் இவையெல்லாம் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். 2008 இல் இவ்வூர் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் பெயர்ந்து சென்றனர். கிராமத்துக்கும் காலாளுக்கும் எவனோ எங்கோ மதிப்பெண் இட்டால் விளைவது யாது என்பதை அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஆதலால் போர் ஆட்டத்தை மாணவர் வெறுமனே ஆடி மகிழ்வதை நாம் விரும்பவில்லை. ஆசிரியர்கள் அதன் நிரலைத் திறந்து காட்டுக. இழப்பைப் பொருட்படுத்தாத எதிராளியை அவ்வாறு ஆக்கியது விதியன்று, ஓர் எண். அவ்வெண்ணை எழுதியது ஒரு மனிதக் கை. ஒரு கை எழுதியதை இன்னொரு கை திருத்தலாம். அதைக் கற்கும் மாணவன், ஆட்டத்துக்கு வெளியேயும் மதிப்பிடுவோர் யார் என்று கேட்கத் தொடங்குவான்.